ஈரம் சாரும் அயல்நாட்டு எழுச்சியும்

சுவரில் கறை படிந்தால் சாதாரண மனிதர்கள் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஈரம் சார் அந்த ரகமல்ல. இரண்டடி தள்ளி நின்று முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பிறகு புறங்கையைச் சுவரில் வைப்பார். அதற்கும் பிறகு, வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தாலும் பொருட்படுத்தாமல், மூக்கைக் கொண்டுபோய் ஒட்டி மோந்து பார்ப்பார். "இது மேலேயிருந்து இறங்கின தண்ணி. மாடிக்காரர் குழாயைப் பாருங்க" என்பார். அல்லது, "இது கீழேயிருந்து தானா ஏறின ஈரம். யார் மேலயும் பழி போட முடியாது" என்பார். சொன்னால் சொன்னதுதான். மேலேயிருந்து இறங்கியதற்கு அவர் வேலை பார்த்த காப்பீட்டுக் கம்பெனி இழப்பீடு தரும். கீழேயிருந்து ஏறியதற்குத் தராது. இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு அவர் கல்யாணம் செய்து, ஒரு பெண்ணைப் பெற்று, இரண்டு அறை வீடு பிடித்து, தலைமுடியில் பெரும்பகுதியையும் நல்லபடியாக இழந்திருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் மேனேஜர் முதல் லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஈரம் சார்தான். அவருக்கு அதில் வருத்தமில்லை. தீ விபத்துப் பிரிவில் இருப்பவரை 'சாம்பல்' என்று கூப்பிட்டார்கள். அதைவிட இது கௌரவம்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு நாட்டு மக்களையே கொண்டுவந்து நிறுத்தி, "இவர்கள் மக்களா, இல்லையா, பார்த்துச் சொல்" என்று கேட்ட கொடுமை எப்படி நடந்தது என்பதை விளக்க, முதலில் அவருடைய மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பாத்திரப் பட்டறை வைத்திருந்தார். தொழில் பாத்திரம், உயிர் புரட்சி. உலகத்தின் எந்த மூலையில் யார் கொடி பிடித்தாலும் அவருக்கு உடம்பு சிலிர்க்கும். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்து, டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொள்வார். சொந்தப் பட்டறையில் தொழிலாளிகள் ஒரு மின்விசிறி கேட்டபோது மட்டும், "எவனோ தூண்டிவிடறான்" என்றார். அது உள்நாட்டு விவகாரம், அதை இங்கே இழுக்கக் கூடாது.

அந்த வருடம் கடல் தாண்டி ஒரு நாட்டில் போராட்டம் வெடித்தது. ஜனங்கள் வீட்டிலிருந்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து கரண்டியால் தட்டினார்கள். மச்சானுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உலகம் கடைசியில் அவர் துறைக்கே வந்துவிட்டது.

"மாப்பிள்ளை, பாருங்க! ஊரே இறங்கிடுச்சு. இனிமே எவனாலயும் தடுக்க முடியாது."

"ஊர்ல மொத்தம் எத்தனை பேர் மச்சான்?"

"அது எதுக்கு உங்களுக்கு? மூஞ்சியைப் பாருங்க. அதுல தெரியுதில்ல?"

ஈரம் சார் மூஞ்சிகளைப் பார்த்தார். எல்லோருக்கும் வாய் திறந்திருந்தது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது கேமரா ஒரு இளைஞன் தூக்கிப் பிடித்திருந்த பாத்திரத்தின் அடியை நெருங்கிக் காட்டியது. அதில் ஒரு வாத்து முத்திரை பளபளத்தது. சோபாவின் ஓரத்தில் இருந்த மகள்தான் முதலில் கத்தினாள்.

"மாமா! அது உங்க வாத்து!"

மச்சானின் பட்டறை முத்திரை வாத்துதான். அந்த நாட்டின் துறைமுக நகரத்தில் அவருக்கு ஒரு கிடங்கு இருந்தது. அதுவரை செய்த சரக்கையெல்லாம் அங்கேதான் அனுப்பி அடுக்கியிருந்தார். கேமரா நகர்ந்தது. இன்னொரு வாத்து தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு வாத்து. தெரு முழுக்க வாத்தாக இருந்தது. மச்சான் ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

கிடங்குக் கதவை உடைத்திருந்தார்கள். உள்ளே அட்டைப்பெட்டிகள் மட்டும் மிச்சம். அந்தச் சரக்கு போனால் பட்டறை போயிற்று. பட்டறை போனால் மச்சான் குடும்பத்தோடு தங்கை வீட்டுக்குத்தான் வரவேண்டும். ஈரம் சாரின் மனைவி அன்று சாயந்தரமே முன்னறையில் ஒரு கட்டில் போட இடம் பார்த்துவிட்டாள்.

"இந்தச் சுவரோரம் போடலாங்க. ஆனா பீரோ திறக்காது."

"பீரோவை நகர்த்தலாமே?"

"நகர்த்தினா வாசக்கதவு திறக்காது."

நல்லவேளையாக மச்சான் சரக்குக்குக் காப்பீடு எடுத்திருந்தார். தங்கை புருஷன் கம்பெனிக்கு ஒரு பாலிசி சேர்த்துக் கொடுத்த மாதிரி இருக்கட்டும் என்று எடுத்தது. பாலிசியில் சொல்லியிருந்தது இதுதான்: கும்பல் கலாட்டாவில் சரக்கு போனால் இழப்பீடு உண்டு, மக்கள் எழுச்சியில் போனால் கிடையாது. கும்பல் என்பது எப்போதோ வருவது, கொடுத்துத் தொலைக்கலாம். மக்களே எழுந்துவிட்டால் யாருக்கென்று கொடுப்பது? எழுதிய புண்ணியவான்களின் கணக்கு இப்படி.

மேனேஜர் ஈரம் சாரை அறைக்குள் கூப்பிட்டார். இந்த மேனேஜர் வெளிநாட்டுப் போராட்டம் எதையும் நம்பாதவர். தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே, "ஆளுக்கு ஒரு பொட்டலம் சோறு, போக வரப் பேட்டா" என்று கணக்குச் சொல்கிறவர். அன்று அவர் முகத்தில் ஒரு புதிய ஒளி இருந்தது.

"கண்ணு கலங்குது ஈரம். எப்பேர்ப்பட்ட எழுச்சி! கைக்குழந்தையோட வந்திருக்காங்கய்யா. இதைப் போய்க் கும்பல்னு எழுதினா அந்த ஜனங்களுக்கே துரோகம்."

"சார், பாலிசிக்காரர் என் மச்சான். இதை நான் பார்க்கறது முறையில்ல."

"அதனாலதான்யா உங்களுக்குத் தரேன். நீங்களே கிடையாதுன்னு எழுதிட்டா அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?"

"உண்டுன்னு எழுதினா?"

"எழுத மாட்டீங்க. சுவரைப் பார்த்தே சொல்றவராச்சே! இது மேலேயிருந்து எவனோ ஊத்தினதா, கீழேயிருந்து தானா கிளம்பினதா, அதைச் சொல்லுங்க போதும்."

வீட்டுக்கு வந்தால் மச்சான் காத்திருந்தார். அவருக்கும் முகம் மாறியிருந்தது, எதிர்த்திசையில்.

"பொறுக்கிப் பசங்க மாப்பிள்ளை. காசு வாங்கிட்டு வந்து கூவறானுங்க. பின்னாடி பெரிய கை இருக்கு."

"மாமா, போன வாரம் நீங்கதானே மூஞ்சியைப் பாருன்னீங்க?" என்றாள் மகள்.

"பார்த்தேன் கண்ணு. இப்ப நல்லா பார்த்தேன். திருட்டு மூஞ்சி."

"ரெண்டு தடவையும் ஒரே வீடியோதான் மாமா."

"அப்ப நான் கண்ணாடி போடல."

மகள் கல்லூரியில் படித்தாள். அந்த நாட்டுப் போராட்டத்துக்கு ஆதரவாகக் கைப்பையில் ஒரு பேட்ஜ் குத்தியிருந்தாள். "அப்பா, நீங்க மட்டும் அவங்களைக் கும்பல்னு எழுதினீங்கன்னா நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன்" என்றாள். சமையலறையிலிருந்து மனைவி, "எழுச்சின்னு எழுதினா நான் பேச மாட்டேன்" என்றாள். இவ்வாறாக, அயல்நாட்டு மக்களின் உண்மையான விருப்பம் என்ன என்ற கேள்வி, ஈரம் சாருக்கு அடுத்த மாதம் வீட்டில் பேச்சுத்துணை யார் என்ற கேள்வியாக உருவெடுத்தது.

அவர் வேலையை வேலையாகச் செய்கிறவர். டிவிக்கு இரண்டடி தள்ளி நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு புறங்கையைத் திரையில் வைத்தார். சூடாக இருந்தது. எல்லா டிவியும் அப்படித்தான் சூடாகும் என்று மகள் சொன்னாள். மோந்து பார்க்கும் கட்டத்தை அவரே விட்டுவிட்டார்.

அடுத்து அட்டைகளைக் கவனித்தார். அச்சடித்த பேனர் என்றால் மேலேயிருந்து இறங்கியது. கையால் எழுதிய அட்டை என்றால் கீழேயிருந்து ஏறியது. நல்ல வழியாகத்தான் பட்டது. பெரும்பாலும் கையால் எழுதிய அட்டைகள். மக்கள்தான் என்று முடிவுக்கு வரும் நேரத்தில், எல்லா அட்டையிலும் ஒரே கையெழுத்து என்பதைக் கண்டுபிடித்தார். மேலேயிருந்துதான்! அதையும் மகள் கெடுத்தாள். "கையெழுத்து நல்லா இருக்கறவங்ககிட்ட எல்லாரும் எழுதி வாங்குவாங்கப்பா. எங்க காலேஜ்ல நான்தான் எழுதித் தருவேன்." கல்லூரியில் என்ன போராட்டம் என்று கேட்க நினைத்து, ஒரு சமயத்தில் ஒரு நாடு போதும் என்று விட்டுவிட்டார்.

தலைகளை எண்ணலாம் என்று பார்த்தார். அரசாங்கமும் பதிலுக்கு ஒரு ஊர்வலம் நடத்தியிருந்தது. அதிலும் தெரு நிறைந்திருந்தது, அங்கேயும் வாய்கள் திறந்திருந்தன. முதல் ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்ற ஒரு மீசைக்காரர் இரண்டாவதிலும் முன்வரிசையில் நின்றார். தொப்பி மட்டும் வேறு. அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று ஈரம் சார் காபி ஆறும்வரை யோசித்தார்.

கடைசியில் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். துணி மடித்துக்கொண்டே திரையைப் பார்த்தவள், "பளபளன்னு இருக்கறது அண்ணன் பாத்திரம். அந்தம்மா கையில பாருங்க, பிடி கழண்டு துணி சுத்தியிருக்கு. அது வீட்டுப் பாத்திரம். தினம் பால் காய்ச்சற பாத்திரத்தை எவளாவது காசுக்காக நசுக்குவாளா? பழசு தட்டறவங்க மனசார தட்டறாங்க, புதுசு தட்டறவங்க கூட்டத்தோட வந்தவங்க" என்றாள்.

ஈரம் சார் அசந்துபோனார். இத்தனை நாள் இவளிடம் ஏன் வேலை விஷயம் பேசவில்லை என்றுகூட வருந்தினார். ஒரு சாயந்தரம் முழுக்க வீடியோவை நிறுத்தி நிறுத்தி, பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே போனார். அப்போது ஒரு அம்மாள் வந்தாள். இடது கையில் அடி நெளிந்த பழைய பாத்திரம். அதை வலது கையிலிருந்த வாத்து முத்திரை மூடியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எந்தப் பக்கம்?" என்றார்.

மனைவி நெருங்கி வந்து பார்த்தாள். "மூடி நல்லா கனமா இருக்கும்போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இனி நேரில் கேட்பது ஒன்றே வழி. மச்சானின் கிடங்கில் கணக்குப் பார்த்த பெண்மணியை வீடியோவில் அழைத்தார். அவளுக்கு அவருடைய மொழி தெரியாது, அவருக்கு அவளுடையது தெரியாது. இருவரும் அரைகுறையாகப் படித்த மூன்றாவது மொழி ஒன்றில் பேச்சு நடந்தது. நம் காதுக்கு அது இப்படிக் கேட்கும்.

"கதவை உடைச்சது யாரும்மா?"

"நாலைஞ்சு பேர் சார். முகத்தை மூடியிருந்தாங்க. யாருன்னு தெரியாது."

ஈரம் சார் 'கும்பல்' என்று குறித்துக்கொண்டார்.

"அவங்கதானே பாத்திரத்தை எடுத்தது?"

"இல்லையே. அவங்க உடைச்சுட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க. எடுத்தது எங்க கட்டடத்து ஆளுங்க. பல் டாக்டர், அவர் சம்சாரம், மூணாம் மாடி வாத்தியார்."

'கும்பலை' அடித்துவிட்டு 'மக்கள்' என்று எழுதினார்.

"தட்டறதுக்காக எடுத்தாங்களா?"

"டாக்டர் தட்டினார். அவர் சம்சாரம் தட்டல. மூடி சரியா பொருந்துதான்னு ஒவ்வொண்ணா பார்த்து எடுத்தாங்க."

பேனா நின்றது.

"வாத்தியார்?"

"அவருக்குப் போராட்டமே பிடிக்காது. சத்தத்தை நிறுத்துங்கடான்னு சொல்ல பால்கனியில நின்னு தட்டினார். கீழே ஒருத்தருக்கும் கேக்கல. அதனால பெரிய பாத்திரமா வேணும்னு வந்து எடுத்துட்டுப் போனார். டிவியில அவரைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டினாங்க. இப்ப தெருவுல பசங்க அவருக்கு வணக்கம் சொல்றாங்க. அவருக்கு அதுல ரொம்பக் கோபம்."

ஈரம் சார் 'மக்கள்' என்பதையும் அடித்தார். தாளில் அடித்தல் மட்டும் இருந்தது.

"நீங்க போனீங்களாம்மா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். பின்னால் அவளுடைய சமையலறை தெரிந்தது. ஆணியில் ஒரு ஏப்ரன், ஜன்னலில் துணி, அடுப்பின் மேல் அடி நெளிந்த ஒரு பாத்திரம்.

"போனேன். என் தம்பியைப் பிடிச்சுட்டுப் போன போலீஸ்காரங்க இன்னும் விடல. மத்தவங்க எதுக்கு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாது சார். நான் அதுக்குப் போனேன்."

ஈரம் சார் பேனாவை மூடி வைத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள். "நான் நின்ன இடத்துலேர்ந்து எனக்கு முன்னாடி இருந்தவங்க முதுகுதான் தெரிஞ்சுது. எங்க டிவியில கொஞ்சம் பேருன்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டுக்காரி ஊரே வந்துச்சுன்னு சொல்றா. நீங்க மேலேயிருந்து எடுத்த படமெல்லாம் பார்த்திருப்பீங்க. நாங்க நிறைய பேரா சார்?"

"நான் இன்னும் பார்த்துட்டுதான் இருக்கேன்மா" என்றார் அவர். பொய்யில்லை.

அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. காலையில் மனைவி ஒன்றும் பேசாமல் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள். மகள் ஒன்றும் பேசாமல் செருப்பை எடுத்து வைத்தாள். வாசலில் மச்சான் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஈரம் சார் அந்தக் கைகளைப் பார்த்தார். பட்டறை திறந்த நாளிலிருந்து தகடு வெட்டிக் காய்த்துப்போன கைகள். கும்பல் என்று எழுதிவிடலாம் என்று அந்த நிமிடம் நினைத்தார். பஸ்ஸில் போகும்போது அடுப்பின் மேலிருந்த பாத்திரம் நினைவுக்கு வந்தது. எழுச்சி என்று எழுதிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த நிறுத்தத்தில் வாத்தியார் நினைவுக்கு வந்தார்.

மேஜையில் உட்கார்ந்து எழுதினார்: "கதவை உடைத்தவர்கள் தட்டவில்லை. தட்டியவர்கள் உடைக்கவில்லை. எடுத்தவர்களில் சிலர் ஆதரவாகத் தட்டினார்கள், சிலர் எதிர்த்துத் தட்டினார்கள், சிலர் சமைக்கிறார்கள். எல்லோரும் ஒரே தெருவில் இருந்தார்கள். இது கும்பலா, மக்களா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியவில்லை." கையெழுத்துப் போட்டார். இத்தனை வருடச் சர்வீஸில் 'தெரியவில்லை' என்று அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. இனி வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை.

மேனேஜர் படித்தார். திருப்பிப் படித்தார். முகம் சிவந்தது.

"யோவ், தெரியலைன்னு எழுதினா என்ன அர்த்தம்னு தெரியுமா? எழுச்சின்னு நிரூபிக்க வேண்டியது நாமய்யா! நிரூபிக்க முடியலைன்னா பணத்தைக் கொடுத்தாகணும்!"

"அப்படியா சார்?" என்றார் ஈரம் சார். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. சுவர் விஷயத்தில் அவருக்குத் தெரியாமல் போனதே இல்லை என்பதால், தெரியாமல் போனால் என்ன ஆகும் என்ற பக்கத்தை அவர் புரட்டியதே இல்லை.

மேனேஜர் அவரை வெகுநேரம் பார்த்தார். சிவப்பு மெல்ல இறங்கி, அந்த இடத்தில் மரியாதை ஏறியது.

"பூனை மாதிரி இருந்துக்கிட்டு... மச்சானையும் காப்பாத்தியாச்சு, ஒரு வார்த்தை பொய்யும் எழுதல. உங்களைப் போய் நான் ஈரம்னு கூப்பிட்டேனே."

"இல்ல சார், எனக்கு நிஜமாவே..."

"சரி சரி. எங்கிட்டயுமா?" என்று மேனேஜர் கண்ணடித்தார்.

இழப்பீடு வந்தது. பட்டறைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. பீரோவும் வாசக்கதவும் வழக்கம்போலத் திறந்தன. மச்சான் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்ன மூளை மாப்பிள்ளை உங்களுக்கு! நமக்குள்ள சொல்லுங்க. பொறுக்கிப் பசங்கதானே?"

"எனக்குத் தெரியலை மச்சான்."

மச்சானும் கண்ணடித்தார். மனைவி, "இவருக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் கண்டிப்பா வச்சிருப்பேன்" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். மகள் மட்டும் கண்ணடிக்கவில்லை. "நழுவிட்டீங்கப்பா" என்றாள். "எது சரின்னு உங்களுக்குத் தெரியும். வேணும்னே சொல்லல."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா கண்ணு?"

"அதான் நழுவறது."

கம்பெனியில் அவர் பெயர் பரவியது. பக்கத்துக் கிளைகளிலிருந்து சிக்கலான கோப்புகளை அனுப்பி, "இதுக்கும் ஒரு தெரியலை போட்டுக் கொடுங்க சார்" என்று கேட்டார்கள். தான் உண்மையிலேயே குழம்பிப்போய்த்தான் எழுதினேன் என்று அவர் யாரிடம் சொன்னாலும், சொல்லும் விதத்தை வியந்தார்கள். ஒரு மனிதன் திருடன் இல்லை என்று நிரூபிக்க வழிகள் இருக்கின்றன. தந்திரசாலி இல்லை என்று நிரூபிக்க வழியே இல்லை என்பது ஈரம் சாருக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த விவகாரத்தில் அவருக்குப் புரிந்தது அந்த ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு மதியம் மச்சான் டிவி முன்னால் வேறொரு நாட்டுக்காகச் சிலிர்த்துக்கொண்டிருக்கையில், கிடங்குப் பெண்மணியிடமிருந்து அழைப்பு வந்தது. ஈரம் சார் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"பணம் கிடைச்சிருச்சாம், முதலாளி சொன்னார். புதுக் கதவு போட்டாச்சு" என்றாள். "நீங்க என்ன எழுதினீங்க சார்? நாங்க நிறைய பேரா?"

"எனக்குத் தெரியலைம்மா."

அவள் குரலில் அவர் ஒரு கண்ணடிப்பை எதிர்பார்த்தார். வரவில்லை.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து பார்த்துமா தெரியலை?" என்றாள். அந்தக் குரலில் ஏமாற்றம் மட்டும் இருந்தது. இத்தனை நாளில் அவரை அப்படியே நம்பிய ஒரே ஆள் அவள்தான். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"தம்பி?" என்று கேட்டார்.

"இன்னும் விடல." பிறகு அவள் குரல் சட்டென்று தாழ்ந்தது. "சார், இருங்க. கீழே ஒரே கார் ஹாரன். ரொம்ப நேரமா அடிக்கறாங்க. மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களா, இல்ல முனையில வண்டி ஏதாவது நின்னுபோச்சான்னு இங்கேர்ந்து தெரியலை. கேட்டுப் பாருங்க."

அவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். காதுக்குள் ஹாரன்கள் வந்து நிறைந்தன. சில நீளமாக, சில விட்டு விட்டு. முன்னறையிலிருந்து மச்சான், "மாப்பிள்ளை, சீக்கிரம் வாங்க, இங்க ஊரே இறங்கிடுச்சு!" என்று கத்தினார். ஈரம் சார் இருங்கள் என்று ஒரு கையைக் காட்டிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினார். போனை இன்னும் அழுத்திக் காதோடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தார்.